ஏடு ஏந்தும் கைகள் உளியும் ஏந்தட்டும்

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலைவிட்டு வெளியே வரும் முதியோரை நாம் கண்டிருக்கிறோம். ஒரு கை சுவரைப் பற்ற, மறு கை தடியை ஊன்ற, ஒற்றைக் காலில் தடுமாறியவாறே செருப்பை அணிகின்றனர். ஒரு கணம் அமர்ந்து எழுவதற்கு அங்கே ஒரு பலகை இல்லை. நம் கல்லூரி வளாகத்திலோ நிழல் தரும் மரங்கள் உண்டு. நிழலில் அமர இருக்கைகள் இல்லை. மாணவர் மதிற்சுவர்மீதும் மரவேர்மீதும் அமர்ந்து பாடம் படிக்கின்றனர்.

இக்குறையைத் தீர்க்க நாம் செய்வது என்ன? நன்கொடையாளரைத் தேடுகிறோம். அவர்தம் பெயர் பொறித்த சிமெண்ட் இருக்கைகள் ஒன்றோ இரண்டோ வந்து சேர்கின்றன. நம் கைகளாலேயே செய்துகொள்ளலாம் என்னும் எண்ணம் மட்டும் நமக்கு எழுவதேயில்லை. கற்றவன் கையில் மரத்தூள் படியலாகாது என்று நம் உள்ளத்தின் ஆழத்தில் எவரோ எழுதி வைத்துவிட்டனர். அவ்வெழுத்தை அழிக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

மார்க்கம் காட்டும் வழி

நபி நூஹ் (அலை) அவர்கள் இறைவனின் கட்டளைப்படி மரக்கலம் கட்டியபோது, கடந்து சென்ற தலைவர்கள் எள்ளி நகையாடினர் என்பதைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. நபி ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற செய்தி. மதீனாப் பள்ளிவாசல் எழுந்தபோது பெருமானார் (ஸல்) அவர்களே தோழர்களோடு கல் சுமந்தார்கள். பேரீச்ச மரத்தண்டின் அருகே நின்று உரையாற்றி வந்த அவர்களுக்கு, பின்னர் மூன்று படிகள் கொண்ட மிம்பரை ஒரு தச்சரின் கைகளே செய்தளித்தன. அம்மிம்பரின் புகழைப் பேசும் நாம், அதனைச் செய்த தொழிலைத் தாழ்வாக எண்ணுவது முறையாகுமா?

தமிழ் மரபும் இதற்கு மாறானதன்று. சோழ மன்னனின் சோலையில் அமைந்த மண்டபத்தை மகதத்தாரும் மராட்டியரும் அவந்தி நாட்டாரும் யவனத் தச்சரும் தமிழ் வினைஞரோடு கூடிச் செய்தனர் என்று மணிமேகலை கூறுகிறது. பல நாட்டார் ஓரிடத்தில் கூடியதற்குக் கைத்தொழிலே காரணமாயிற்று.

குலத்தொழில் அன்று

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும், அது நியாயமானதும்கூட. 1953ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வழிவகுத்தது. குலக்கல்வி என்று கண்டிக்கப்பட்ட அத்திட்டம் 1954இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. அக்காயத்தின் வடுவை அறிந்தோர், கல்லூரியில் உளியா என்று துணுக்குறுவர்.

நாம் வேண்டுவது அதற்கு நேர்மாறானது. தச்சர் மகனை மீண்டும் தச்சுப் பட்டறைக்கு அனுப்பும்படி நாம் கேட்கவில்லை. வணிகர் மகனும் மருத்துவர் மகளும் விவசாயி மகனும் ஒரே மேசையின் முன் நின்று ஒரே பலகையை இழைக்க வேண்டும் என்கிறோம். பிறப்பினால் சுமத்தப்பட்டால் தொழில் தளையாகும். எல்லாரும் கூடிப் பயின்றால் அதுவே கல்வியாகும். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டை அடுத்து, டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தின் உயிர்நாடியும் கைத்தொழில்வழிக் கல்வியே.

சிறு செலவில் ஓர் இருக்கை

தேக்குக்கு நாம் எங்கே போவது என்று கேட்கலாம். தேக்கு வேண்டியதில்லை. வேம்பும் பூவரசும் நம் ஊர்களிலேயே கிடைக்கும். துறைமுகத்திற்கு வரும் சரக்குப் பெட்டிகளின் பலகைகளும் பழைய மரக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் ‘எச்.டி.’ என்னும் முத்திரை இருந்தால் வெப்பமூட்டிப் பூச்சி நீக்கப்பட்டது என்று பொருள். ‘எம்.பி.’ என்றிருந்தால் நச்சுப் புகை இடப்பட்டது. அதனைத் தவிர்ப்பதே நன்று. இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி, சாதாரணப் பலகையும் ஆணியும் சுத்தியலும் கொண்டு எவரும் செய்யத்தக்க மேசை நாற்காலிகளின் வரைபடங்களை 1974ஆம் ஆண்டிலேயே அஞ்சல் செலவு மட்டும் பெற்று அனுப்பி வைத்தார்.

வெளியில் கிடக்கும் இருக்கைக்கு மழையும் கறையானுமே பகை. பலகைகளுக்கிடையே கால் அங்குல இடைவெளி விட்டால் நீர் தேங்காது. கால்களைக் கல்லின்மீது நிறுத்தினால் மண்ணின் ஈரம் ஏறாது. நீரை மிகுதியாக உறிஞ்சுவது மரத்தின் வெட்டுமுனையே. ஆதலால் அங்கே இருமுறை எண்ணெய் பூசவேண்டும். ஆணி அடிக்குமுன் துளையிட்டால் பலகை பிளவாது. முதியோருக்கான இருக்கை ஒன்றரை அடி உயரமும், ஊன்றி எழுவதற்குக் கைப்பிடியும் உடையதாயின் போதும்.

இவ்வேலையைத் தனியொருவர் செய்வதைவிடக் குழுவாகச் செய்வதில் ஒரு பெரும்பயன் உண்டு. ஒருவர் அளக்க, ஒருவர் அறுக்க, ஒருவர் இழைக்க, ஒருவர் உப்புத்தாள் தேய்க்கிறார். அளந்தவர் பிழைசெய்தால் பொருத்துபவர் கையில் அது தெரிந்துவிடும். ஒரு கால் குறைந்தால் இருக்கை ஆடும். தேர்வுத் தாளில் பிழை மதிப்பெண்ணோடு போய்விடுகிறது. இங்கோ பிழையைக் கழற்றித் திருத்தியே ஆகவேண்டும். பிறர் அமரப்போகும் பொருளைச் செய்கிறோம் என்னும் பொறுப்பை இதனினும் எளிதாக எப்பாடம் புகட்டும்?

ஆசிரியர் யார்?

நம் ஊரில் முதுமை எய்திய தச்சர்கள் இருக்கின்றனர். தம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வாராமையால், கற்ற வித்தையைக் கையளிக்க ஆளின்றி வாழ்கின்றனர். அவர்களை அழைப்போம், கூலிக்காரராக அன்று, ஆசிரியராக அழைப்போம். விழாவிற்கு வரும் சிறப்புச் சொற்பொழிவாளருக்கு அளிக்கும் மதிப்பூதியத்தை அவர்களுக்கும் அளிப்போம். எத்தனையோ அலுவலகங்களுக்கு நாற்காலி செய்தளித்த அவர்கள், அவ்வலுவலகங்களில் நின்றுகொண்டே பேசியவர்கள். நம் கல்லூரியிலாவது அவர்கள் அமரட்டும்.

வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம், மின்கருவிகள் இன்றிக் கைக்கருவிகள் மட்டுமே கொண்டு, நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் இவ்வகுப்பைத் தொடங்கலாம். படிப்புக் கெடும் என்போருக்கு நம் விடை இதுவே: வாரத்தில் இரண்டு மணி நேர உழைப்பால் கெட்டுவிடும் படிப்பு, வாழ்நாள் முழுவதற்கும் எவ்வாறு துணைநிற்கும்?

முதல் இருக்கையைப் பள்ளிவாசல் வாயிலில் வைப்போம். அதில் எவர் பெயரையும் பொறிக்க வேண்டா. அடுத்த ஜும்ஆவில் ஒரு பெரியவர் அதில் அமர்ந்து, நிதானமாகச் செருப்பணிந்து, கைப்பிடியை ஊன்றி எழுந்து செல்வாராயின், அதுவே நாம் பெறும் பட்டம். இறைவன் நம் கைகளுக்கு அவ்வாற்றலை அருள்வானாக.