கோப்பு எங்க?

டொக்கிங் முடிஞ்ச கையோட கனபேர் செய்யிறது, வடிவான ஒரு படம் எடுத்து ஆய்வறிக்கையில ஒட்டுறதுதான். நானும் அப்பிடித்தான். எச்.ஐ.வி. புரோட்டியேசின் குழிக்குள்ள இண்டினாவிர் இருக்கிற அந்தப் படம் இப்பவும் என்னட்ட இருக்கு. ஐதரசன் பிணைப்புகளின் நீளத்தை மேற்பார்வையாளர் கேட்டபோதுதான் முழிச்சன். ஓட்டோடொக் வைனா மருந்தின் நிலைகளை மட்டும் தனிக் கோப்பாகத் தரும், வழக்கமா 9 வரைக்கும். புரதம் வேற கோப்பு. படத்தில இருந்தது எத்தனையாவது நிலை எண்டே எனக்கு நினைவில்லை.

பைமோலில் இதுக்கு மூண்டு வரி காணும். வேண்டிய நிலையைப் பிரிச்செடுத்து, கிரியேட் கட்டளையால் புரதத்தோட ஒரே பொருளாக்கி, பி.டி.பி. கோப்பாகச் சேமிக்கலாம். ரெண்டுக்கும் சங்கிலிப் பெயர் 'ஏ' எண்டிருந்தால் மருந்தினதை முதல்லயே மாத்துங்கோ, பிறகு பிரிக்கிறது பெரிய கரைச்சல். பி.எஸ்.இ. கோப்பை மட்டும் வைச்சிருக்கிறதும் காணாது. கைமேராஎக்ஸ் பாவிக்கிறவர் அதைத் திறக்கேலாது.

படத்தில நாங்கள் தெரிஞ்ச கோணம் மட்டும்தான் இருக்கும். திருப்பிப் பார்க்கவோ அளக்கவோ வாசிக்கிறவருக்கு வழியில்லை. ஆய்வறிக்கையோட இந்தக் கோப்பையும் துறைகள் கட்டாயம் கேட்டு வாங்கவேணும். சில நூறு கிலோபைட்தானே!