வாஃபிள் கருவிக்குத் தவணையா?



என் மாணவர் ஒருவரின் தாயார், விலையுயர்ந்த வாஃபிள் கருவியைத் தவணையில் எடுக்கப்போவதாகச் சொன்னார். "பிள்ளைக்கு வாங்குவதில் மலிவு பார்க்கலாமா?" என்றும் கேட்டார். பார்க்கலாம் என்பதே என் விடை.

வாஃபிளை மொறுமொறுப்பாக்குவது சூடு. தட்டு சூடேறும் முன்னே மாவை ஊற்றி, ஆவி அடங்குமுன் மூடியைத் திறந்தால், எந்தக் கருவியிலும் அது பிய்ந்துதான் வரும். விலை கூடியவற்றில் கனத்த தட்டும் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் பெரும்பாலும் இருக்கும், மறுக்கவில்லை. நாள்தோறும் பலருக்குச் சுடும் வீட்டிற்கு அவை தேவை. மாதம் இருமுறை பாண்டான் வாஃபிள் சுட்டுப் பசியாறும் வீட்டிற்கு எதற்கு?

ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டா. சிரிம் முத்திரை இல்லாத கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கெனச் செய்யப்பட்ட கருவியை நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகினால், அது மூன்றரை மடங்குக்கும் மேலான மின்திறனை இழுக்கும். அருகில் நிற்பது நம் பிள்ளை.

முத்திரையைப் பாருங்கள்; விலைச்சீட்டைக் கண்டு மயங்காதீர்கள். மிஞ்சும் வெள்ளிக்குப் பிள்ளைக்கு இரண்டு தமிழ் நூல்கள் வாங்கிக் கொடுங்கள்.