வீட்டில் துப்பாக்கி: உரிமம் பெறுவதோடு முடிவதில்லை பொறுப்பு

புது தில்லி: உரிமம் பெற்ற துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதை அரசு அறியும். அது வீட்டில் எங்கே, எந்த நிலையில் வைக்கப்பட்டுள்ளது என்பதை அறிவதற்கான வழிகள் மிகக் குறைவு. நாட்டின் ஆயுதக் கட்டுப்பாட்டில் நீடிக்கும் இடைவெளி இதுவே.

உள்துறை அமைச்சகத்தின் தரவுகளின்படி, 2016 டிசம்பர் இறுதியில் நாடு முழுவதும் சுமார் 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் நடைமுறையில் இருந்தன. அவற்றில் 12.77 லட்சத்துக்கும் மேற்பட்டவை உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவை.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளவும் வைத்திருக்கவும் விண்ணப்பதாரரிடம் உறுதிமொழி கோருகின்றன. ஆனால், காகிதத்தில் அளித்த உறுதிமொழி வீட்டில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்ற கேள்வி, பெரும்பாலும் விபத்து நேர்ந்த பிறகே எழுகிறது.

2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அதே திருத்தம் உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. இதனால் புதுப்பித்தலின்போது நடைபெறும் மறுஆய்வும் தள்ளிப்போனது. இந்த ஐந்து ஆண்டுகளில் தவழும் குழந்தை பள்ளி செல்லும் சிறுவனாகிவிடும். எட்டாத அலமாரியும் எட்டிவிடும்.

தண்டனைகளிலும் வேறுபாடு உண்டு. கொண்டாட்டங்களில் அலட்சியமாகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். உரிம நிபந்தனையை மீறுவதற்கான பொதுவான தண்டனையோ ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே. அலட்சியத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு ஐந்து ஆண்டுகள் வரை சிறைக்கு வழிசெய்கிறது. எனினும், அது இழப்புக்குப் பின் வரும் நீதி.

தடுக்கும் வழிகள் எளியவை. தோட்டாக்களை அகற்றி, துப்பாக்கி காலியாக உள்ளதை உறுதிசெய்து, இரும்புப் பெட்டகத்தில் பூட்ட வேண்டும். தோட்டாக்களை வேறிடத்தில் தனியே பூட்டி வைக்க வேண்டும். சாவி உரிமதாரரிடம் மட்டுமே இருக்க வேண்டும். குழந்தையின் ஆர்வத்தையும், மனமுடைந்த ஒருவரின் நொடிநேர முடிவையும் அந்தப் பூட்டு தாமதப்படுத்தும். அந்தத் தாமதம் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

தேர்தல் காலங்களில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையங்களில் ஒப்படைக்கச் செய்யும் நிர்வாகத்துக்கு, உரிமதாரர்களைச் சென்றடைவது இயலாத காரியமன்று. உரிமம் புதுப்பிக்கும்போது பெட்டகத்தையும் நேரில் பார்வையிட்டால், உறுதிமொழிக்குப் பொருள் கிடைக்கும்.