எண்ணெய்ச் சட்டியை விசாரியுங்கள்

கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாதவர்களுக்கு மெக்சிகன் உணவகத்தைப் போல வசதி வேறில்லை என்று அமெரிக்காவில் பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைத்த மாவில் தட்டும் டோர்ட்டியாவில் கோதுமைக்கு வேலையே இல்லை. அந்தச் சுண்ணாம்புதான் தானியத்தின் நயாசின் என்ற வைட்டமினை உடம்பில் ஒட்டவைக்கிறது. அந்த மண்ணின் பழங்குடிப் பெண்கள் கண்ட பக்குவம், சும்மா சொல்லக்கூடாது.

வினை வருவது பக்கத்துச் சட்டியிலிருந்து. சோள டோர்ட்டியாவை நறுக்கிப் போட்டு சிப்ஸ் பொரிக்கும் அதே எண்ணெயில், கோதுமை டோர்ட்டியாவில் சுருட்டிய சிமிசாங்காவும் பொரிந்திருக்கும். என்சிலாடா சாஸ் கெட்டிப்பட மைதா சேர்த்திருப்பார்கள். மோலே என்ற குழம்பில் ரொட்டித்துண்டு அரைபட்டிருக்கலாம். பொட்டலத்தில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட, அமெரிக்க விதிப்படி உள்ளே இருக்கும் குளூட்டன் 10 லட்சத்தில் 20 பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். பொது எண்ணெய்க்கு அந்தக் கணக்கு எங்கே தெரியும்? குளூட்டன் ஆகாத சீலியாக் நோயாளியின் குடலைப் புண்ணாக்கத் துணுக்கு போதும்.

ஆகவே குளூட்டன் இல்லை என்று காட்ட மெனு அட்டையில் போட்டிருக்கும் கோடு கிழித்த கோதுமைக்கதிர் படத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை. “சிப்ஸுக்குத் தனி எண்ணெயா?” என்று கேளுங்கள். பரிமாறுபவர் உள்ளே போய் விசாரித்து வந்தால் தைரியமாக உட்காரலாம். யோசிக்காமல் “ஆமாம்” என்றால், குவாக்கமோலேயை ஸ்பூனால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதே உத்தமம்.