பெட்டிச் சாவியும் கடவுச்சொல்லும்

சங்கத்தின் இரும்புப் பெட்டிச் சாவியை மேஜைமீது போட்டுவிட்டு எந்த ஊழியரும் உணவருந்தச் செல்லமாட்டார். ஆனால் கணினியின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி அதன் திரையிலேயே ஒட்டி வைப்பதை நாம் பல அலுவலகங்களில் கண்டு வருகிறோம். 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் அனுமதி வழங்கியது. பேரேடு கணினிக்குள் குடிபுகும் இக்காலத்தில், ஊழியர் மனப்பான்மையும் மாறியாக வேண்டும்.

டாக்காவிலுள்ள வங்காள தேச மத்திய வங்கியில் நிகழ்ந்ததை அங்கத்தினர்கள் அறிதல் நலம். வேலை கோரும் விண்ணப்பம்போல் வந்த மின்னஞ்சல் வழியே கள்வர் அதன் கணினிகளுக்குள் புகுந்தனர். பல மாதங்கள் மறைந்திருந்து, 2016 பிப்ரவரியில், நியூயார்க்கிலிருந்த அவ்வங்கியின் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை மாற்றும்படி 35 உத்தரவுகள் அனுப்பினர். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்குச் சென்ற 2 கோடி டாலரோ, பெறுவோர் பெயரிலிருந்த எழுத்துப் பிழையை ஒருவர் கவனித்து ஐயுற்றதால் தப்பியது.

பண மாற்ற விவரங்களை அச்சிடும் இயந்திரம் அன்று டாக்காவில் ஓடவில்லை. வழக்கமான பழுதென்றே ஊழியர்கள் எண்ணினர். கூட்டுறவுத் துறையும் இத்தகைய கள்வருக்குத் தப்பவில்லை. 2018 ஆகஸ்டில் புனாவிலுள்ள காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி சுமார் 94 கோடி ரூபாயைப் பறிகொடுத்தது.

“அது கணினிக்காரர் பாடு, நமக்கென்ன?” என்னும் எண்ணம் தவறானது. எனினும் ஊழியரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. நால்வருக்கு ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்து வேலை வாங்குவது நிர்வாகமே. பிழையை ஒப்புக்கொண்டவருக்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்புவதும் நிர்வாகமே. தண்டனைக்கு அஞ்சி அவர் மௌனம் சாதிக்கும் வேளையில் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிடுகிறது. உடனே 1930 என்ற தொலைபேசி எண்ணுக்குத் தெரிவித்தால் அதைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

ஆகவே, ஒவ்வோர் ஊழியருக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். தலைவர் பெயரால் பணம் அனுப்பச் சொல்லிச் செய்தி வந்தால், அவரையே அழைத்துக் கேட்டறிய வேண்டும். தவறை உடனே தெரிவித்தவரைத் தண்டிப்பதில்லை என்று நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

இழை அறுந்தால் தறியை நிறுத்திப் பிணைப்பவரே நல்ல நெசவாளர். மறைத்து நெய்தால் துணி முழுதும் பழுதாகும். சங்கத்திலுள்ள பணம் நெசவாளரின் கூலி, விவசாயியின் விளைச்சல். அடுத்த பொதுக்குழுவிலேயே அங்கத்தினர்கள் இதனை எழுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.