பிழையை அமுக்கினால் தமிழ் வந்துவிடுமா?

விண்டோஸில் பைத்தான் பழகும் ஒருவர், ஒரு தமிழ்ப் பெயரை அந்தக் கறுப்புக் கன்சோல் திரையில் அச்சிடப் பார்க்கிறார். 'யுனிகோட் என்கோட் எரர்' என்று நாலு வரித் திட்டு விழுகிறது. யாரிடமாவது கேட்டால் உடனே ஒரு கைவைத்தியம் கிடைக்கும்: "என்கோட் பண்றப்ப அஸ்கி, இக்னோர்னு போட்டுடு, சரியாயிடும்." போடுகிறார். பிழை போய்விடுகிறது. கூடவே தமிழும் போய்விடுகிறது!

இதற்குப் பேர் தீர்வா? வகுப்புச் சுற்றுலாவுக்கு வசூலித்த கணக்கு என்று வைத்துக்கொள்வோம். முருகன் 250, செல்வி 400, பாத்திமா 300. 'இக்னோர்' போட்டால் திரையில் மிஞ்சுவது 250, 400, 300 மட்டும்தான். கூட்டிப் பாருங்கள், 950 டாண் என்று வரும். தொகை சரியாக இருப்பதால் ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டார்கள். பணம் இருக்கிறது, கொடுத்த ஆளைக் காணோம். பேரேட்டில் பெயர்களை மட்டும் ரப்பர் வைத்து அழித்தால் அதைத் திருத்தம் என்று யாராவது சொல்வார்களா?

"சரி, 'ரீப்ளேஸ்' போடு" என்பார் இன்னொரு புண்ணியவான். அப்போது முருகன் ஏழு கேள்விக்குறி, செல்வி ஆறு கேள்விக்குறி. (ஏழு கேள்விக்குறி இன்னும் பாக்கி தரவில்லை என்று நோட்டீஸ் ஒட்டலாம் :-)) "பேரை இங்கிலீஷ்லயே எழுதித் தொலையேன்" என்பவர்கள் மூன்றாவது கட்சி. குமரனுக்கும் குமாரனுக்கும் அங்கே ஒரே ஸ்பெல்லிங். வள்ளிக்கும் வல்லிக்கும் அப்படியே.

உண்மையில் இந்த விவகாரத்தில் நாணயமாக நடந்துகொள்வது அந்தப் பிழைச் செய்தி ஒன்றுதான். பைத்தானுக்குள் தமிழ் பத்திரமாகத்தான் இருக்கிறது. வெளியே அனுப்பும்போது ஒரு எழுத்து அட்டவணையைப் பார்த்து அதை பைட்டுகளாக மாற்றவேண்டும். கன்சோல் பிடித்துத் தொங்கிய அட்டவணைகளில் ஒன்றான 437, 1981ல் ஐபிஎம் பிசியோடு வந்தது. மொத்தமே 256 இடம். அதில் கட்டம் போடும் கோடுகளுக்கு இடம் உண்டு, தமிழுக்கு இல்லை. இத்தனைக்கும் யுனிகோடில் 1991ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. இல்லாத எழுத்தை எப்படி எழுதுவது என்று பைத்தான் கேட்டால், அதன் வாயை அடைப்பதுதான் நம்மவர்கள் வைத்தியம்!

சரியான வழி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. 2016 டிசம்பரில் வந்த பைத்தான் 3.6 முதல், கன்சோலுக்கு எழுதும்போது இந்தப் பழைய அட்டவணை குறுக்கே வருவதில்லை. ஆனால் அதே வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் பழைய பேய் மறுபடி ஏறிக்கொள்ளும். "ஸ்க்ரீன்ல வருது, ஃபைல்ல மட்டும் உதைக்குது" என்று புலம்புகிறவர்களின் கதை இதுதான். இதற்கும் 'சிஎச்சிபி 65001 அடி' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அது கன்சோலின் அட்டவணையை மாற்றும், அவ்வளவுதான். கோப்புக்குப் போவதை அது தொடுவதே இல்லை. 3.7 (2018) முதல் 'பைத்தான்யுடிஎஃப்8' என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

திரையில் என்ன தெரிகிறது என்று பார்க்கும் பொறுமைகூட இந்த வைத்தியர்களுக்குக் கிடையாது. வெறும் கட்டங்கள் வந்தால் எழுத்துருதான் இல்லை. நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் தமிழ் முழுசாக இருக்கும். தலையில் கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் வரிசை கட்டினால், யுடிஎஃப்-8ஐ வேறு அட்டவணை வைத்துப் படிக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறியாக மாற்றிச் சேமித்துவிட்டால் மட்டும் கதை முடிந்தது, எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

எல்லாம் சரியான பிறகும் 'கொ'வின் கொம்பும் காலும் பல சமயம் விலகித்தான் நிற்கும். கன்சோல் எழுத்துகளைச் சம அளவுக் கட்டங்களில் அடுக்குவதால் வரும் கோளாறு அது. அதைக் கன்சோல் செய்கிறவர்களிடம் போய்ச் சண்டை போட்டுக் கேட்கவேண்டும். அதற்கும் யாராவது 'இக்னோர்' போடச் சொன்னால், அவர் கையில் கணக்கு நோட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.