செல்லோ பேசணும்னா மத்தவங்க கொஞ்சம் அடங்கணும்

மதுரையில் சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. திருவிழான்னா தெருவெல்லாம் குழாய் ஸ்பீக்கர், கல்ச்சுரல்ஸ்னா மேடையின் ரெண்டு பக்கமும் ஆள் உயர பாக்ஸ். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனா காதுல விழணும்னா கத்தித்தான் ஆகணும்னு நாம நம்ப ஆரம்பிச்சிட்டோம் பாருங்க, அங்கதான் பிரச்சினை.

அது தேவையில்லைன்னு முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே காட்டினவர் விவால்டி. 1703-ல் வெனிஸ் நகரத்தில், ஆதரவற்ற பெண் பிள்ளைகள் வளர்ந்த ஒரு இல்லத்தில் வயலின் ஆசிரியரா சேர்ந்தவர். செல்லோ, வயலின் குடும்பத்துல பெரிய வாத்தியம். அந்தக் காலத்துல அதுக்குப் பெரும்பாலும் அடியில் பாஸ் பிடிக்கிற வேலைதான். விவால்டி அதை நடுவில் உட்கார வெச்சு, 25-க்கு மேல கன்செர்ட்டோ எழுதினார்.

நம்ம பாஷையில் சொன்னா, இது ஒரு டிசைன் பிராப்ளம். செல்லோவோட நாலு தந்திகளும் ஏறக்குறைய 65, 98, 147, 220 ஹெர்ட்ஸ். மேல வயலின் கூட்டமே முழு வேகத்தில் வாசிச்சா செல்லோ அமுங்கிடும். மைக்கும் கிடையாது, ஆம்ப்ளிஃபயரும் கிடையாது. அவர் என்ன பண்ணினார்? முதல்ல எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டு வாசிப்பாங்க. செல்லோ ஆரம்பிச்சதும் கூட்டம் சுருங்கிடும். பல இடத்தில் ஹார்ப்சிகார்டும் இன்னொரு பாஸ் வாத்தியமும் மட்டும்தான் துணை. அது முடிஞ்சதும் பழைய மெட்டோட எல்லாரும் திரும்ப வருவாங்க, நம்ம பல்லவி மாதிரி.

இது நமக்கு அந்நியமும் இல்லை. பண்ணைப்புரம் அன்னைக்கு மதுரை மாவட்டம். அங்கிருந்து வந்த இளையராஜா 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அந்த பாக், விவால்டியோட கன்செர்ட்டோக்களைக் கீபோர்டுக்கு மாத்தி எழுதிப் பழகினவர். ரெண்டையும் ஹெட்போனில் கேளுங்க. போன் ஸ்பீக்கர் அந்த 65 ஹெர்ட்ஸை முழுங்கிடும்.

இப்போ நம்ம பிளேஸ்மென்ட் ஜி.டி.க்கு வருவோம். பத்து பேர், பதினைஞ்சு நிமிஷம். தமிழ் மீடியத்தில் படிச்ச நண்பன் வாக்கியத்தை மனசுல கோர்த்து முடிக்கிறதுக்குள்ள என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் ஆளுங்க மூணு பேர் உள்ள பூந்துடறோம். அவன்கிட்ட விஷயமே இல்லைன்னு முடிவும் கட்டிடறோம். அவனுக்குக் கிடைக்கிற ஒரே அறிவுரை, "சத்தமா பேசுடா". செல்லோவைப் பார்த்து டிரம்பெட் ஆயிடுன்னு சொல்ற மாதிரி இருக்கு.

என் யோசனை சின்னது. நம்ம டிபார்ட்மென்ட் மாக் ஜி.டி.யில் முதல் சுத்து ஆளுக்கு ஒரு நிமிஷம், யாரும் குறுக்கே பேசக் கூடாது. அதுக்கப்புறம் வழக்கம் போல அடிச்சுக்கலாம். "கம்பெனிக்காரன் அந்த ஒரு நிமிஷத்தைத் தரமாட்டானே"ன்னு கேப்பீங்க. தரமாட்டான்தான். ஆனா பத்து தடவை முழுசா ஒரு நிமிஷம் பேசிப் பழகினவன், பதினோராவது தடவை இடம் கிடைக்கலைன்னாலும் வாயைத் திறப்பான். அவன் என்ன யோசிக்கிறான்னு நமக்கும் அப்போதான் தெரியும்.